இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? கார் காட்டும் மைலேஜையும் ரேஞ்சையும் படிக்கும் முறை

"நேற்று ராத்திரி நிறுத்தும்போது 420 கி.மீ. ஓடும் என்று காட்டியது. காலையில் பக்கத்துத் தெரு வரை போய் வந்தேன், மொத்தமே 4 கி.மீ.தான். இப்போது 366 காட்டுகிறது. டேங்க் ஒழுகுகிறதா?"

புதிதாகக் கார் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. டேங்க் ஒழுகவில்லை, வண்டியிலும் கோளாறு இல்லை. திரையில் வரும் எண்ணை டேங்கில் இருக்கும் பெட்ரோலின் அளவு என்று நினைத்துக்கொள்வதால்தான் இந்தப் பயம் வருகிறது. அது பெட்ரோலின் அளவல்ல. இதுவரை ஓட்டியதை வைத்து இனி நடக்கப்போவதைப் பற்றிப் போடும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்துவிட்டால் 420 ஏன் 366 ஆனது என்பதை நீங்களே சொல்லிவிடலாம். அதைவிட முக்கியமாக, எப்போது அந்த எண்ணை நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

படி 1: எந்த எண் எது என்று பிரித்துப் பாருங்கள்

வண்டியை நிறுத்திவைத்து, சாவியை ஆன் செய்து, ஸ்டீயரிங்கில் அல்லது மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தானை ஒவ்வொரு முறையாக அழுத்திப் பாருங்கள். பெட்ரோல் பற்றிய திரைகள் மூன்று நான்கு வரும். ஓட்டும்போது நொடிக்கு நொடி துள்ளுவது இப்போதைய மைலேஜ். மெதுவாக நகர்வது சராசரி மைலேஜ். கிலோமீட்டரில் இறங்கிக்கொண்டே வருவது ரேஞ்ச், அதாவது டேங்க் காலியாகும் வரை ஓடக்கூடிய தூரம். இவை போக ட்ரிப் ஏ, ட்ரிப் பி என்று இரண்டு தூரக் கணக்குகள் இருக்கும். இவற்றோடு சேராமல் தனியாக நிற்பது பெட்ரோல் முள், அல்லது கட்டம் கட்டமாக இருக்கும் பட்டை.

முள்ளுக்குப் பக்கத்தில் இருக்கும் பங்க் படத்தைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அதை ஒட்டி ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். டேங்க் மூடி எந்தப் பக்கம் என்பதை அது காட்டுகிறது. 1986இல் ஃபோர்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஜிம் மொய்லன் என்ற பொறியாளர், கொட்டும் மழையில் வண்டியைத் தப்பான பக்கம் நிறுத்தி நனைந்த அன்று எழுதிக் கொடுத்த யோசனை இது. பிறகு மற்ற நிறுவனங்களும் இதைப் பின்பற்றின. வாடகைக் கார் எடுக்கிறவர்களுக்கு ரொம்ப உதவும்.

படி 2: அலகைச் சரிபாருங்கள்

ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் எண் கூடக் கூட நல்லது. 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் வண்டியில் எண் குறையக் குறைய நல்லது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் போதும். லிட்டருக்கு 20 என்றால் 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர், லிட்டருக்கு 12.5 என்றால் 8 லிட்டர். கேலனுக்கு எத்தனை மைல் என்று காட்டினால் எந்த கேலன் என்று பார்க்க வேண்டும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டன் கேலன் 4.546 லிட்டர். ஒரே வண்டிக்கு இரண்டு கணக்கிலும் வெவ்வேறு எண் வரும்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கிலேயே பழகியவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்து போகிறோம். போகும்போது 100 கி.மீ. தூரத்துக்கு லிட்டருக்கு 10 கிடைத்தது, திரும்பும்போது அதே 100 கி.மீ. தூரத்துக்கு 20 கிடைத்தது என்றால் சராசரி 15 என்று வாய் சொல்லிவிடும். ஆனால் போகும்போது செலவு 10 லிட்டர், வரும்போது 5 லிட்டர். 200 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் என்றால் சராசரி 13.3தான். மோசமாக ஓடிய தூரம் சராசரியை நாம் நினைப்பதைவிட அதிகமாக இழுத்துவிடும். காலையில் ஓடிய அந்த 4 கி.மீ. பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

படி 3: துள்ளும் எண்ணைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள், கணக்காக அல்ல

இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது இன்ஜினை நடத்தும் ஈசியூ கணினிக்குத் தெரியும். அந்த நேரத்தையும் எரிபொருளின் அழுத்தத்தையும் வைத்து எத்தனை மில்லிலிட்டர் உள்ளே போனது என்று அது கணக்கிடுகிறது. சக்கரம் சுழல்வதை வைத்துத் தூரம் தெரிகிறது. தூரத்தைச் செலவால் வகுத்தால் இப்போதைய மைலேஜ் கிடைத்துவிடுகிறது. கவனியுங்கள், இந்த எண்ணுக்கு டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு சம்பந்தமே இல்லை.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தி வண்டியைக் கிளப்பும்போது 4, 5 என்று காட்டும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், எந்த வண்டியும் அப்படித்தான். சிக்னலில் நிற்கும்போது பூஜ்யம் காட்டும். தூரம் ஓடாமல் பெட்ரோல் மட்டும் எரிகிறது அல்லவா. சில வண்டிகள் அந்த நேரத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிக் காட்டும். சிறிய பெட்ரோல் இன்ஜின் நின்றபடி ஓடினால் மணிக்கு சுமார் 0.6 முதல் 1 லிட்டர் வரை குடிக்கும். ஏசி போட்டிருந்தால் இன்னும் ஏறும்.

கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு எண்ணைப் பாருங்கள். சட்டென்று 50 அல்லது 99.9 என்று உச்சத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டியின் வேகமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருப்பதால் ஈசியூ அந்த நேரத்தில் பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. இப்போது அதே இறக்கத்தில் நியூட்ரலுக்கு மாற்றினால் எண் கீழே இறங்கும். இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் தேவைப்படுகிறது அல்லவா. இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சம் என்ற பழைய நம்பிக்கை, இன்ஜெக்டருக்கு முன்பு இருந்த கார்புரேட்டர் காலத்தோடு போய்விட்டது. கூடவே இன்ஜின் தரும் பிடிமானமும் போய்விடுவதால், சரிவில் அது ஆபத்தும்கூட. முன்னால் சிக்னல் சிவப்பாகத் தெரிந்தால் கியரிலேயே வைத்துக் காலை எடுங்கள். இந்தத் துள்ளும் எண்ணிடம் கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய பாடம் இதுதான். ஓடும் வண்டியில் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பக்கத்தில் உட்காருகிறவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

படி 4: சராசரி எதிலிருந்து தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள்

சராசரி மைலேஜ் என்றால் எப்போதிலிருந்து சராசரி? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சில வண்டிகளில் நீங்கள் ரீசெட் செய்யும் வரை மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். சிலவற்றில் ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் புதிதாகத் தொடங்கும். சிலவற்றில் டேங்க் நிரப்பியதும் தானாகப் பூஜ்யமாகும். மெனுவில் இதை மாற்றும் வசதி பல வண்டிகளில் உண்டு. கையேட்டில் ட்ரிப் கம்ப்யூட்டர் என்ற பகுதியில் இரண்டே பக்கம் இருக்கும், படித்துவிடுங்கள்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். ட்ரிப் ஏ ஒவ்வொரு முறை ஃபுல் டேங்க் அடிக்கும்போதும் பூஜ்யம். ட்ரிப் பி வருடத்துக்கு ஒருமுறை மட்டும். இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொண்டால் இந்த டேங்கில் எப்படி ஓடியது, மொத்தத்தில் எப்படி ஓடுகிறது என்று இரண்டு பதிலும் கையில் இருக்கும்.

ரீசெட் செய்த முதல் சில கிலோமீட்டரில் வரும் சராசரிக்கு மதிப்பே இல்லை. குளிர்ந்த இன்ஜினோடு 5 கி.மீ., அதில் நெரிசலில் 20 நிமிடம் நின்றீர்கள் என்று வையுங்கள். ஓட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர், நின்றதற்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் 0.6 லிட்டர். மற்ற நாளில் 15 தரும் அதே வண்டி 8.3 என்று காட்டும். வண்டி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள்.

படி 5: ரேஞ்ச் எப்படிப் பிறக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ரேஞ்ச் என்பது இரண்டு எண்களின் பெருக்கல். டேங்கில் மீதி எத்தனை லிட்டர், அண்மையில் ஓட்டியபோது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் வருவது ரேஞ்ச். இரண்டு எண்களுமே தோராயமானவை.

முதலில் லிட்டர். டேங்குக்குள் ஒரு கம்பி முனையில் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் மட்டம் இறங்கினால் மிதவையும் இறங்கும். அதன் கோணத்தை வைத்து அளவு கணக்கிடப்படுகிறது. டேங்க் நேரான பெட்டியாக இருந்தால் சுலபம். ஆனால் அது பின் சீட்டுக்கு அடியில், சைலன்சருக்கும் அச்சுக்கும் இடம் விட்டு, மேடு பள்ளமாக வடிக்கப்பட்ட ஒன்று. வளைவில் திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் பெட்ரோல் அலம்பும். அதனால் முள் ஆடாமல் இருக்க, மீட்டர் பல நொடிகளின் அளவைச் சேர்த்துச் சராசரி எடுத்து மெதுவாகத்தான் காட்டுகிறது. வண்டியைச் சரிவில் நிறுத்தினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுநாள் காலை முள் வேறு இடத்தில் நிற்கும். டேங்க் வாய்வரை நிரம்பியிருக்கும்போது மிதவை மேலே முட்டிக்கொண்டு நிற்பதால், முதல் பல கிலோமீட்டருக்கு முள் அசையவே அசையாது. அதைப் பார்த்து இந்த முறை நல்ல மைலேஜ் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பாதிக்குக் கீழே விறுவிறுவென்று இறங்கும்.

அடுத்து அந்தச் சராசரி. ரேஞ்சுக்காக வண்டி எடுக்கும் சராசரி, திரையில் நீங்கள் பார்க்கும் சராசரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல வண்டிகளில் அது தனியாகக் கடைசியாக ஓடிய தூரத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கும். சிலவற்றில் கடைசிச் சில பத்து கிலோமீட்டர். சிலவற்றில் சில நூறு. குறைந்த தூரத்தை நினைவில் வைக்கும் வண்டியில் ரேஞ்ச் ஏறி இறங்கித் துள்ளும். நீண்ட தூரத்தை வைக்கும் வண்டியில் நிதானமாக இருக்கும், ஆனால் நிலைமை மாறியதைத் தாமதமாகத்தான் சொல்லும்.

இப்போது அந்த 420க்கு வருவோம். டேங்கில் 28 லிட்டர், கடைசி 50 கிலோமீட்டரின் சராசரி 15. பெருக்கினால் 420. காலையில் குளிர்ந்த இன்ஜினோடு 4 கி.மீ.; இன்ஜின் சூடேறும் வரை பெட்ரோல் கூடுதலாகப் போகும் என்பதால் அந்தத் தூரத்துக்கு லிட்டருக்கு 6தான் கிடைத்தது. செலவு 0.67 லிட்டர். டேங்கில் மீதி 27.33. ஆனால் கடைசி 50 கிலோமீட்டரின் சராசரி 15லிருந்து 13.4க்கு இறங்கிவிட்டது. பெருக்கினால் 366. முக்கால் லிட்டர்கூடச் செலவாகவில்லை, ஆனால் 54 கி.மீ. காணாமல் போனது. அன்று மாலை நெடுஞ்சாலையில் சீராக ஓட்டினால் அந்தத் தூரத்தில் பெரும்பகுதி கணக்கில் திரும்பி வந்துவிடும்.

இதில் பயமுறுத்தும் பக்கத்தைவிட ஆறுதல் சொல்லும் பக்கம்தான் ஆபத்தானது. முதன்முதலாக ஒரு மலைப்பாதையில் ஏறியபோது நான் கற்றுக்கொண்டது இது. அடிவாரத்தில் ரேஞ்ச் 310 காட்டியது. 40 கி.மீ. ஏற்றம், பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கியர். உச்சிக்குப் போனபோது 110 சொச்சம். வண்டியில் இருந்த எல்லோருக்கும் முகம் மாறிவிட்டது. மறுபக்கம் 40 கி.மீ. இறக்கம், ஆக்ஸிலரேட்டரை அதிகம் தொடவே இல்லை. கீழே வந்து பார்த்தால் 270. அப்பாடா என்று பங்கைத் தாண்டி வந்துவிட்டோம். அடுத்த 60 கி.மீ. சமவெளியில் ஓட்டியபோது அந்த 270 கண்ணெதிரே 145 ஆனது. ஓடியது 60, குறைந்தது 125.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. கிளம்பும்போது சுமார் 20 லிட்டர் இருந்தது. ஏற்றத்தில் ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, இறக்கத்தில் ஒரு லிட்டர். அடிவாரத்தில் மீதி 13 லிட்டர் சொச்சம். சமவெளியில் அந்த வண்டி லிட்டருக்கு 15.5 தரும் என்பதால் உண்மையான ரேஞ்ச் 205தான். உச்சியில் காட்டிய 110 நம்மைப் பத்திரமாக வைத்திருக்கும் தவறு. கீழே காட்டிய 270 நடுவழியில் நிற்க வைக்கும் தவறு. இறங்கி வந்த பின், வால்காற்றில் ஓடிய பின், மெதுவாக நிதானமாக ஓட்டிய பின் காட்டும் ரேஞ்சை நம்பிப் பங்கைத் தாண்டிப் போகாதீர்கள்.

வேகமும் இப்படித்தான். காற்று தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80இல் ஓட்டிச் சேர்த்த சராசரியை வைத்துச் சொன்ன ரேஞ்ச், 110இல் ஓட்டத் தொடங்கியதும் செல்லாது. கூரையில் பெட்டி கட்டினாலும், எதிர்க்காற்று அடித்தாலும் அதே கதை.

இன்னொன்று. ரேஞ்ச் குறைந்துவிட்டதே என்று 3 லிட்டர் மட்டும் ஊற்றிவிட்டு எண் ஏறவில்லை என்று தவிக்கிறவர்கள் உண்டு. பெட்ரோல் அலம்புவதை நிரப்பியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, சின்ன ஏற்றத்தை வண்டி கண்டுகொள்வதில்லை. 6 லிட்டருக்குக் குறைவாக ஊற்றினால் பதிவாகாமல் போகலாம் என்று சில கையேடுகளிலேயே எழுதியிருக்கும். இன்ஜினை அணைக்காமல் ஊற்றினாலும் இப்படி ஆகலாம். அணைத்துவிட்டு ஊற்றுவதுதான் பாதுகாப்பும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பழைய நினைவு அழிந்து, கொஞ்ச நாளைக்கு ரேஞ்ச் விநோதமாக இருக்கும். ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்.

படி 6: டேங்க் டு டேங்க் கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள்

திரை சொல்வது எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்ள ஒரே வழி நீங்களே அளப்பது. முறை எளிது.

பங்கில் ஃபுல் டேங்க் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் ஊற்றும் நாசில் தானாக டக்கென்று நின்றதும் (இதுதான் முதல் கட்) போதும் என்று சொல்லிவிடுங்கள். ட்ரிப் ஏயைப் பூஜ்யம் ஆக்குங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். டேங்க் பாதிக்குக் கீழே, முடிந்தால் கால் பங்குக்கு வந்தபின், மறுபடி அதே பங்கில், முடிந்தால் அதே மெஷினில், முதல் கட் வரை நிரப்புங்கள். ட்ரிப் காட்டும் தூரத்தை, இப்போது ஊற்றிய லிட்டரால் வகுங்கள். போன முறை ஊற்றிய லிட்டரால் அல்ல. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இப்போது ஊற்றியதுதான் இந்தத் தூரத்துக்குச் செலவானது.

முதல் கட் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நாசில் முனையில் ஒரு சின்னத் துளை உண்டு. அதன் வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டிருக்கும். பெட்ரோல் மட்டம் ஏறி அந்தத் துளையை மூடியதும் காற்று தடைபட்டு, உள்ளே இருக்கும் விசை நாசிலை மூடிவிடுகிறது. அதற்குப் பிறகும் ரவுண்டாக வரட்டும் என்று சொட்டுச் சொட்டாக ஊற்றினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு போகும், கணக்கு கெடும். அதோடு பெட்ரோல் ஆவிக்காக விடப்பட்ட இடத்தில் திரவம் ஏறி, ஆவியைப் பிடிக்கும் கரிப் பெட்டிக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். ரவுண்டு எண்ணுக்காக அதைப் பாழாக்க வேண்டாம்.

நிறைவதில் ஒரு லிட்டர் முன்பின் ஆகத்தான் செய்யும். 10 லிட்டர் மட்டும் ஊற்றிக் கணக்கிட்டால் அந்த ஒரு லிட்டர் 10 சதவீதத் தவறு. 35 லிட்டர் என்றால் 3 சதவீதம்கூட இல்லை. அதனால்தான் டேங்க் நன்றாகக் குறைந்தபின் நிரப்பச் சொல்கிறேன். ஒரு முறை அளந்துவிட்டுத் தீர்ப்பு சொல்லாமல், மூன்று நான்கு டேங்க் சேர்த்துப் பாருங்கள்.

என் நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது. முதல் வரி: 486.4 கி.மீ., 31.72 லிட்டர், கணக்கு 15.3, திரை காட்டியது 16.1. இரண்டாவது: 512.8 கி.மீ., 32.95 லிட்டர், கணக்கு 15.6, திரை 16.4. மூன்றாவது: 398.1 கி.மீ., 27.60 லிட்டர், கணக்கு 14.4, திரை 15.2. மூன்றையும் சேர்த்தால் 1,397.3 கி.மீ., 92.27 லிட்டர், சராசரி 15.1. இந்தச் சராசரியை எடுக்க மூன்று மைலேஜையும் கூட்டி மூன்றால் வகுக்கக் கூடாது. மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும்.

பார்த்தீர்களா, மூன்று முறையும் திரை 5 சதவீதம் கூடுதலாகச் சொல்கிறது. இது அசாதாரணம் அல்ல. பல வண்டிகளில் திரை சற்றுத் தாராளமாகத்தான் பேசும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் புதிய கார்களில் எரிபொருள் செலவை வண்டியே பதிவுசெய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டமே 5 சதவீதம் வரை வித்தியாசத்தை ஏற்கிறது. வித்தியாசம் ஒரே அளவாக இருந்தால் கவலையே இல்லை. என் வண்டி 16 என்று சொன்னால் 15.2 என்று நான் படித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். உங்கள் வண்டிக்கு அந்தச் சதவீதம் எவ்வளவு என்பதை மூன்று நான்கு டேங்கில் கண்டுபிடித்துவிடலாம்.

டயரும் இந்தக் கணக்கில் கை வைக்கும். புது டயரின் பட்டன் (மேல்பரப்பில் இருக்கும் வரிப்பள்ளம்) ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். தேய்ந்த டயரில் 2க்கும் கீழே. சக்கரம் சிறியதாவதால் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். மீட்டர் சுமார் 2 சதவீதம் கூடுதலாகத் தூரத்தைக் காட்டும். அளவு மாறிய டயர் போட்டிருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. தெரிந்த தூரமுள்ள சாலையில், மைல்கல்லையோ ஜிபிஎஸ்ஸையோ வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி சொன்ன மைலேஜ் ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்வியும் இங்கே வரும். அது ஆய்வகத்தில் உருளைகள் மேல் ஓட்டி அளந்த எண். உதாரணத்துக்கு, டபிள்யூஎல்டிபி என்ற சோதனை 30 நிமிடம், 23.25 கி.மீ., சராசரி வேகம் மணிக்கு 46.5 கி.மீ., அறை வெப்பம் 23 டிகிரி, ஏசி கிடையாது. இரண்டு வண்டிகளை ஒப்பிட்டு வாங்க அந்த எண் நல்லது. உங்கள் சாலையில் என்ன கிடைக்கும் என்பதற்கு உங்கள் நோட்டுதான் பதில். எத்தனால் கலந்த பெட்ரோல் போடும்போது மைலேஜ் கொஞ்சம் குறைவதும் இயல்புதான். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, எத்தனாலில் சுமார் 21தான்.

படி 7: எப்போது நிரப்புவது என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள்

எச்சரிக்கை விளக்கு எரியும்போது டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கும் என்பதைக் கையேட்டில் தேடுங்கள். சிறிய கார்கள் பலவற்றில் 5 முதல் 8 லிட்டர் வரை இருக்கும். அதை உங்கள் நோட்டுச் சராசரியால் அல்ல, நோட்டில் இருப்பதிலேயே மோசமான மைலேஜால் பெருக்குங்கள். 6 லிட்டர், மோசமான நாளில் 10 என்றால் 60 கி.மீ. அதுதான் விளக்கு எரிந்தபின் உங்களுக்கு இருக்கும் தூரம். திரை 95 என்று சொன்னாலும் 60 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஞ்ச் ஓர் அளவுக்குக் கீழே போனதும் பல வண்டிகள் எண்ணையே எடுத்துவிட்டு வெறும் கோடுகளைக் காட்டும். அது கோளாறு அல்ல. கணக்கு நம்பத் தகுந்ததாக இல்லை என்று வண்டியே ஒதுங்கிக்கொள்கிறது. பூஜ்யம் காட்டிய பிறகும் நண்பர் 40 கி.மீ. ஓட்டினார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய டேங்கில் அன்று மிச்சம் இருந்தது. உங்களுடையதில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

தயவுசெய்து அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். இன்றைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்தான் இருக்கிறது. சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. காலி டேங்கோடு ஓட்டினால் அது சூடாகித் தேயும். டீசல் வண்டியில் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால், டீசல் ஊற்றிய பிறகும் காற்றை வெளியேற்றாமல் பல வண்டிகள் கிளம்பாது. இவற்றையெல்லாம்விட, ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்கு இருக்கும் உதவி இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடலாம். வேகமான சாலையில் அது உயிருக்கு ஆபத்து. கால் டேங்க் வந்தால் நிரப்பு என்ற பழக்கம் எனக்கு எந்தக் கணக்கையும்விடப் பெரிய நிம்மதியைத் தந்திருக்கிறது.

தூரப் பயணத்தின் நடுவே ரேஞ்ச் போதாது என்று தோன்றினால் வேகத்தைக் குறையுங்கள். 110இலிருந்து 80க்கு வந்தால் சில நிமிடங்களிலேயே துள்ளும் எண் ஏறுவது தெரியும். காற்றுத் தடை குறையும் என்று முன்னால் போகும் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் வேலை மட்டும் வேண்டாம்.

நோட்டில் எண் திடீரென்று மாறினால்

வழித்தடம் அதே, ஓட்டுவது நீங்களே, பருவமும் மாறவில்லை. ஆனால் அடுத்தடுத்து இரண்டு டேங்க் மைலேஜ் சரிந்தால் வண்டி ஏதோ சொல்கிறது. முதலில் டயர் காற்றைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே பதில் கிடைத்துவிடும். அப்புறம் ஏர் ஃபில்டர், பிளக், இன்ஜின் சூடேறும் வேகம். இன்ஜின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே இருந்து கூடுதலாகக் குடிக்கும்.

ஒருமுறை என் நோட்டில் 15.1, 15.3 என்று ஓடிக்கொண்டிருந்தது 13.6 ஆனது, அடுத்த டேங்கில் 13.2. காற்று சரியாக இருந்தது, சர்வீஸும் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. திரையில் ட்ரிப் பி சராசரி மாதக்கணக்கில் சேர்ந்த ஒன்று என்பதால் அதில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் 20 கி.மீ. ஓட்டி வந்து நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் அருகே தொடாமல் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மூன்று சக்கரங்களில் இதமான சூடு. முன்பக்க இடது சக்கரத்தில் கையை வைத்திருக்க முடியாத அனல், கூடவே கருகல் வாடை. பிரேக் காலிப்பர் சிக்கி, மிதிக்காதபோதும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு வந்த முதல் டேங்க்: 471.2 கி.மீ., 31.05 லிட்டர், 15.2.